கணவர் விட்டுச்சென்ற தங்கக் காசுகள்: எடைக்குப் போடும் முன் சில விஷயங்கள்

நியூஜெர்சியிலிருந்து 61 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். கணவர் போன வருடம் மாரடைப்பில் காலமாகிவிட்டார், உயில் எழுதவில்லை. மகன், மகள் இருவருக்கும் திருமணமாகிவிட்டது. கணவருக்குப் பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேர்க்கும் ஆசை இருந்தது. பல வருடங்களாக ஒவ்வொன்றாக வாங்கி, வாங்கிய தேதி, கொடுத்த விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து, வங்கி லாக்கரில் வைத்திருக்கிறார். இருபது டாலர் காசு எட்டு, பத்து டாலர் நான்கு, ஐந்து டாலர் மூன்று, இரண்டரை டாலர் இரண்டு. இது போக, '1933' என்று எழுதிய உறையில் இன்னொரு இருபது டாலர் காசு. அதைப் பற்றி மட்டும் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

1933-க்கு முந்தைய தங்கக் காசை வைத்திருப்பதே சட்டவிரோதம், அரசு பிடுங்கிக்கொள்ளும் முன் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் மகன். மூன்றில் ஒரு பங்கு எனக்கு வரவேண்டும், ஊருக்குக் கொண்டுபோய் நகையாக்கிக்கொள்கிறேன் என்கிறார் மகள். இதற்கு நடுவில் ஒரு விற்பனையாளர் அடிக்கடி போன் செய்து, "உங்கள் காசுகளைக் கொடுங்கள், அரசால் பறிமுதல் செய்யவே முடியாத உயர்தரக் காசுகளாக மாற்றித் தருகிறேன், அதை உங்கள் ஓய்வூதியக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்கிறாராம். இந்தக் குழப்பத்தில் இந்த அம்மா இரண்டு காசுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டார். "எதைச் செய்தாலும் அவர் மனசு நோகுமோ என்று பயமாக இருக்கிறது" என்று முடிகிறது கடிதம்.

அம்மா, முதலில் ஒன்று. அவசரம் எதுவும் இல்லை. இந்தக் காசுகள் அழுகும் பொருள் இல்லை, லாக்கரில் இன்னும் ஆறு மாதம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. உங்களை அவசரப்படுத்துகிறவர்கள் எல்லோருக்கும் அவரவர் காரணம் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு காரணமும் இருப்பதாகக் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் உங்கள் கணவர் கண்டபடி வாங்கியவர் இல்லை, யோசித்து வாங்கியவர். எனவே மொத்தமாகத் தராசில் கொட்டுவது பற்றிய பேச்சை முதலில் நிறுத்துங்கள்.

மகனின் பயம்: இது சட்டவிரோதமா?

இல்லை. ஆனால் அவர் எதைக் கேட்டுவிட்டு இப்படிச் சொல்கிறார் என்று புரிகிறது. 1933 ஏப்ரல் 5-ஆம் தேதி அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் 6102 என்ற எண்ணுள்ள ஆணையைப் போட்டார். மக்கள் கையிலிருக்கும் தங்கக் காசு, தங்கக் கட்டி, தங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் மே 1-க்குள் வங்கியில் கொடுத்து, அவுன்ஸுக்கு 20.67 டாலர் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் 10,000 டாலர் அபராதம் அல்லது 10 வருடம் சிறை, அல்லது இரண்டும். அடுத்த வருடமே அரசு தங்கத்தின் விலையை 35 டாலராக ஏற்றியது. அப்படி வந்து சேர்ந்த காசுகளையும், வெளியே விடாமல் வைத்திருந்த காசுகளையும் உருக்கிக் கட்டிகளாக்கினார்கள்.

ஆனால் அந்த ஆணையிலேயே விலக்கும் இருந்தது. ஒருவர் 100 டாலர் மதிப்புக்குக் காசு வைத்துக்கொள்ளலாம், அரிய காசு சேகரிப்பவர்களுக்குச் சிறப்பு மதிப்புள்ள காசுகளையும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் 1974 டிசம்பர் 31 முதல் தங்கம் வைத்திருக்கும் தடையே முழுவதுமாக நீங்கிவிட்டது. உங்கள் கணவர் கடைக்குப் போய் ரசீதோடு வாங்கிய காசுகளில் சட்டச் சிக்கல் ஒன்றுமில்லை, அந்த உறையில் இருப்பதைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதே வரலாற்றைத்தான் போன் விற்பனையாளரும் வேறு மாதிரி திரித்துச் சொல்கிறார். பழைய ஆணையில் சேகரிப்பாளர்களுக்கு விலக்கு இருந்ததால் 1933-க்கு முந்தைய காசுகளை இனி எந்தக் காலத்திலும் பறிமுதல் செய்ய முடியாது என்பது அவர் வாதம். அப்படி எந்தச் சட்டமும் இன்று இல்லை. 1933-இல் போட்ட ஆணையின் விலக்கு, நாளை யாராவது ஒரு புது ஆணை போட்டால் அதைக் கட்டுப்படுத்தாது. ஓய்வூதியக் கணக்கு பற்றி அவர் சொன்னதும் தவறு. வருமான வரிச் சட்டத்தில் தனிநபர் ஓய்வூதியக் கணக்கில் வைக்கலாம் என்று அனுமதித்திருக்கும் காசுகளில் இவை இல்லை. 90 சதவீதத் தங்கம் என்பதால் கட்டித் தங்கத்துக்கான தூய்மை வரம்பையும் இவை எட்டாது. ஒரே பேச்சில் இரண்டு பொய் சொல்பவரிடம் காசை மாற்றாதீர்கள். இனி அழைத்தால் எடுக்கவும் வேண்டாம்.

யாருடைய சொத்து?

மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பதும் சரியில்லை. நியூஜெர்சியில் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், அவருடைய பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தம்பதிக்கே பிறந்தவர்களாக இருந்து, மனைவிக்கும் வேறு பிள்ளைகள் இல்லையென்றால், சொத்து முழுவதும் மனைவிக்கே. உங்கள் கடிதப்படி நிலைமை அதுதான். நம் ஊர்ச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று நினைக்கிறார்கள், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் விரும்பிக் கொடுக்கலாம், அது வேறு. கொடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது.

நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதிலும் ஒரு திருத்தம். லாக்கர் இருவர் பெயரில் இருப்பதால் உள்ளே இருப்பதும் தானாக உங்களுடையது ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டு லாக்கர் என்பது திறக்கும் உரிமையைத்தான் தரும், உள்ளே இருக்கும் பொருளின் உடைமையை அது தீர்மானிப்பதில்லை. எனவே உங்கள் கவுண்டியின் சரோகேட் அலுவலகத்தில், அதாவது இறந்தவர் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில், விண்ணப்பித்து நிர்வாகக் கடிதம் வாங்குங்கள். மரணச் சான்றிதழின் அசல், சொத்தின் தோராய மதிப்பு, பிள்ளைகளின் பெயர், முகவரி எல்லாம் கேட்பார்கள். அது கையில் வரும்வரை ஒரு காசைக்கூட விற்கவோ பிரித்துக் கொடுக்கவோ வேண்டாம்.

பூந்திக்கொட்டை

இதைப் பற்றி உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனசில்லை. தங்கம் மங்கலாக இருந்தால் பூந்திக்கொட்டையில் போட்டுத் தேய்ப்பதுதான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். நகைக்கு அது சரி. காசுக்கு அது கேடு. நூறு வருடத்தில் அதன் மேல் படிந்த நிறமும், அச்சிலிருந்து வந்தபோது இருந்த மினுமினுப்பும்தான் சேகரிப்பவர் பார்ப்பது. பிரஷ் பட்டவுடன் தலைமுடி போன்ற மெல்லிய கீறல்கள் விழுந்துவிடும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்கு எண் தரம் கொடுக்காமல், 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்துத் திருப்பி அனுப்பும்.

நீங்கள் தேய்த்ததில் இருபது டாலர் காசு 1924-ஆம் வருடத்தது என்கிறீர்கள். அதனால் பெரிய நஷ்டம் இருக்காது, ஏனென்றால் அதன் விலையில் பெரும்பகுதி தங்கத்தின் விலைதான். இரண்டரை டாலர் காசில் கொஞ்சம் கூடுதலாகவே அடி விழுந்திருக்கும். பாஸ்டன் சிற்பி பேலா லயன் பிராட் வடிவமைத்து 1908-இல் வந்த இரண்டரை, ஐந்து டாலர் காசுகளில் உருவம் மேடாக இல்லாமல் பள்ளமாகக் குடைந்திருக்கும். பூர்வகுடி மனிதரின் தலையும் பின்பக்கக் கழுகும் காசின் மட்டத்துக்குக் கீழே இருக்கும். அந்தக் காசு வந்த புதிதிலேயே பிலடெல்பியாவின் காசு வியாபாரி சாப்மன், பள்ளத்தில் அழுக்கு சேர்ந்து நோய் பரப்பும் என்று அதிபர் தியடோர் ரூசவெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். மற்ற காசுகளில் உருவத்தின் மேடு கொஞ்சமாவது தேய்ப்பைத் தாங்கும். இதிலோ சுற்றியுள்ள வெற்றிடம்தான் உயரமான பகுதி, பிரஷ் முழுவதும் அதன் மேல்தான் ஓடும். நல்லவேளை, நீங்கள் தேய்த்தது 1925-டி (டி என்றால் டென்வர் நாணயச்சாலையில் அச்சானது). உங்களிடம் இருக்கும் இன்னொரு இரண்டரை டாலர் காசான 1911 இல்லை. இனி எதையும் தொடாதீர்கள், ஈரத்துணிகூட வேண்டாம். பிடிக்க வேண்டுமென்றால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

எது தங்கம், எது அரிய காசு

இருபது டாலர் காசின் எடை 33.436 கிராம், அதில் 0.9675 அவுன்ஸ் சுத்தத் தங்கம். பத்து டாலரில் அதில் பாதி, ஐந்தில் கால், இரண்டரையில் எட்டில் ஒன்று. அன்றைய அவுன்ஸ் விலையை இதால் பெருக்கினால் உருக்கு மதிப்பு வந்துவிடும். உதாரணத்துக்கு அவுன்ஸ் 3,000 டாலர் என்றால் ஒரு இருபது டாலர் காசு 2,902 டாலருக்குக் குறையவே கூடாது. யாராவது அதற்குக் கீழே கேட்டால் பேச்சை முடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஹோட்டலில் அறை எடுத்து 'தங்கம் வாங்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகவே வேண்டாம்.

உங்கள் எட்டுக் காசுகளில் 1904 இரண்டு, 1908-இல் வாசகம் இல்லாதது இரண்டு, 1924 இரண்டு, 1927, 1928 ஒவ்வொன்று. 1904 தவிர மற்றவை அகஸ்டஸ் செயின்ட் கௌடன்ஸ் வடிவமைத்தவை. அமெரிக்கக் காசுகள் அழகில்லாமல் இருக்கின்றன, பழைய கிரேக்கக் காசு போல வேண்டும் என்று தியடோர் ரூசவெல்ட் அவரைக் கேட்டுக்கொண்டார். கையில் தீப்பந்தமும் ஆலிவ் கிளையும் பிடித்து நடந்துவரும் சுதந்திர தேவியைச் செய்து கொடுத்துவிட்டு, 1907 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, காசு புழக்கத்துக்கு வரும் முன்பே அந்தச் சிற்பி காலமானார். காசில் கடவுள் பெயர் வேண்டாம் என்று ரூசவெல்ட் நினைத்ததால் 1907, 1908 காசுகளில் கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு 1908-லேயே அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இவ்வளவு கதை இருந்தும் உங்களிடம் இருக்கும் வருடங்கள் எல்லாம் எளிதாகக் கிடைப்பவைதான். ஐரோப்பிய வங்கிகளுக்குப் போயிருந்த காசுகள் உருக்கப்படாமல் தப்பி, பிறகு மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. 1924 நாற்பது லட்சத்துக்கு மேல் அச்சானது. வாசகம் இல்லாத 1908 காசு 1990-களில் ஒரே குவியலாக 19,900 வெளிவந்தது.

நோட்டில் உங்கள் கணவர் 'அச்சானது எத்தனை' என்று ஒரு பத்தி போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் வைத்து மதிப்புப் போடாதீர்கள். 1907-இல் உருவம் நன்றாக மேடெழும்பி, வருடம் ரோமன் எழுத்தில் வந்த காசு சுமார் 12,000 மட்டுமே அச்சானது, ஆனால் மக்கள் பத்திரப்படுத்தியதால் இன்றும் ஏலத்தில் அடிக்கடி வருகிறது. டென்வரில் 1927-இல் 1,80,000 அச்சானது, கிட்டத்தட்ட எல்லாம் உருக்கும் உலைக்குப் போய், இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிச்சம். உங்களுடைய 1927-இல் வருடத்துக்கு மேலே சின்னதாக டி என்ற எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பாருங்கள்.

நான் உண்மையில் ஆவலாக இருப்பது அந்த இரண்டரை டாலர் 1911 காசைப் பற்றித்தான். நோட்டில் '1911, டி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார் என்கிறீர்கள். டென்வரில் அச்சான 1911 வெறும் 55,680. அந்த வரிசையில் எல்லோரும் தேடுவது அதைத்தான். பின்பக்கம் கழுகு நிற்கும் அம்புகளின் முனைக்கு இடப்பக்கம் டி இருக்க வேண்டும். சிலவற்றில் மங்கலாக இருக்கும், அதற்கு விலை குறைவு. சாதாரண 1911 காசில் டி எழுத்தை ஒட்டி விற்கும் மோசடியும் உண்டு, தங்கத்திலேயே செய்த போலிகளும் உண்டு. போலியிலும் தங்க அளவு சரியாக இருப்பதால் நகைக்கடையில் உரசிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த ஒன்றைக் கட்டாயம் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி-க்கு அனுப்புங்கள். கட்டணம், காப்பீட்டோடு தபால் செலவு எல்லாம் சேர்த்தாலும் தகும். மற்ற எல்லாவற்றையும் அனுப்புவது வீண் செலவு என்பது என் கருத்து. நேர்மையான காசு வியாபாரி ஒருவரிடம் நேரில் காட்டினால் இன்னும் ஒன்றோ இரண்டோ அனுப்பத் தகுந்தது இருந்தால் சொல்லிவிடுவார்.

அந்த உறை

1933-ஆம் வருட இருபது டாலர் காசு 4,45,500 அச்சானது, எதுவும் சட்டப்படி வெளியே விடப்படவில்லை. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. கொஞ்சம் திருட்டுத்தனமாக வெளியேறின. தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று, எகிப்து அரசர் ஃபரூக்கிடம் இருந்ததாகச் சொல்லப்படும் காசு. அது 2021-இல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிலடெல்பியா நகைக்கடைக்காரர் இஸ்ரேல் ஸ்விட்டின் குடும்பத்தார் 2003-இல் லாக்கரில் பத்துக் காசுகளைக் கண்டெடுத்து, அசல்தானா என்று பார்க்க அரசு நாணயச்சாலையிடமே கொடுத்தார்கள். அரசு திருப்பித் தரவில்லை. வழக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. பத்து டாலர் 1933-க்கு இந்தச் சிக்கல் இல்லை, இருபது டாலருக்குத்தான்.

பதறாதீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நினைவுப் பொருளாக விற்கப்பட்ட நகல்தான், இந்தக் காசின் நகல்கள் ஏராளமாக விற்பனையாகியிருக்கின்றன. நோட்டில் கணக்கு எழுதாததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். எங்காவது சின்ன எழுத்தில் நகல் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள். சமையலறைத் தராசில் வையுங்கள். 34 மில்லிமீட்டர் அகலமுள்ள காசு 33 கிராமுக்குப் பக்கத்தில் வராமல் அதில் பாதி, முக்கால் என்று நின்றால் முலாம் பூசியது, பேரனுக்கு விளையாடக் கொடுங்கள். எடை சரியாக இருந்தால் அப்போது யாருக்கும் காட்டாமல், படம் எடுத்து எங்கும் போடாமல், விற்கும் பேச்சே எடுக்காமல், இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரை முதலில் பாருங்கள். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

வரியும் ஊருக்குக் கொண்டுபோவதும்

இது உங்களுக்குச் சாதகமான பகுதி. சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு மத்திய வரி அதிகபட்சம் 28 சதவீதம். ஆனால் வாரிசாக வந்த பொருளுக்கு, அவர் வாங்கிய பழைய விலையைக் கணக்கில் எடுப்பதில்லை, அவர் இறந்த தேதியின் சந்தை மதிப்பே உங்கள் அடக்க விலை. அவர் 400 டாலருக்கு வாங்கிய காசுக்கும் அப்படித்தான். அதனால் அந்தத் தேதிக்கு எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி வையுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நியூஜெர்சியின் வாரிசு வரி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. கடைக்காரர் வருமான வரித் துறைக்குப் படிவம் அனுப்பாவிட்டாலும் விற்ற லாபத்தை நீங்கள் காட்டத்தான் வேண்டும்.

மகளிடம் சொல்லுங்கள்: இந்தியச் சுங்கத்தில் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான வரிச்சலுகை நகைக்குத்தான், காசுக்கு இல்லை. அறிவித்து வரி கட்ட வேண்டும். இருபது டாலர் காசு ஒன்று நம் கணக்கில் ஏறக்குறைய நான்கு பவுன், 21.6 காரட். நகைக்கடையில் பழைய தங்கமாக எடுத்துக்கொண்டு அதிலும் கழிப்பார்கள். நகைதான் வேண்டுமென்றால் சாதாரண வருடக் காசு ஒன்றை இங்கேயே விற்றுப் பணத்தைக் கொடுங்கள், அதுதான் லாபம். காசாகவே கொடுத்தால் வருடத்துக்கு ஒருவருக்கு 19,000 டாலர் மதிப்பு வரை, இது 2025-க்கான வரம்பு, அன்பளிப்புப் படிவம்கூடத் தேவையில்லை. உங்கள் அடக்க விலையே அவர்களுக்கும் போகும்.

என்னைக் கேட்டால், பணம் தேவைப்படும்போது 1924, 1904 போன்றவற்றை ஒவ்வொன்றாக விற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, உருக்கு மதிப்போடு ஒப்பிட்டுக் கொடுங்கள். 1911-டி அசல் என்று வந்தால் ஏலம்தான் வழி. லாக்கரில் இருப்பதற்கு வங்கிக் காப்பீடு கிடையாது, வீட்டுக் காப்பீட்டில் காசுகளுக்குப் பெரும்பாலும் 200 டாலர்தான் வரம்பு. எனவே தனியாக ஒரு காப்பீடு எடுங்கள், அதற்கு அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு காசின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறையில் இருப்பதை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், எடை பார்த்த பிறகு அதைப் பற்றித் தனியாக எனக்கு எழுதுங்கள்.